கேட்ட பாட்டைக் கேட்பித்தல்

நல்லதோர் உணவை ஒருவன் தனியே அமர்ந்து உண்டு மகிழ்தல் கூடும். நல்லதோர் நூலைத் தனியே கற்று நெஞ்சில் இருத்திக்கொள்ளுதலும் கூடும். ஆயின், நல்லதோர் பாட்டைப் புதிதாகக் கேட்டவன் அதனைத் தன்னுள்ளே அடக்கி வைத்தல் மிகவும் அரிது. அருகிலிருப்பவனை முழங்கையால் இடித்து, "இதைச் சற்றுக் கேள்" என்று சொன்னாலன்றி அவனுக்கு அமைதி உண்டாவதில்லை. அவ்வாறு கேட்பிக்கப்பட்டவன் முகத்தில் மகிழ்ச்சி தோன்றுமாயின், அப்பாட்டை இயற்றியவர்க்கு உண்டாகும் பெருமையில் ஒரு பங்கு தனக்கும் வந்ததாகவே இவன் எண்ணிக்கொள்கிறான். தோன்றாதாயின், பாட்டின் குற்றம் என்று ஒருகாலும் கருதான். கேட்டவன் செவியின் குற்றம் என்றே துணிவான். இவ்வழக்கம் எம் மலைநாட்டில் எவ்வெவ்வாறு நடந்து வந்தது என்பதையும், அதன்கண் உள்ள நன்மை தீமைகளையும் யான் அறிந்தவாறு ஈண்டு எழுதலுற்றேன்.

யான் பிறந்து வளர்ந்தது வைகை தோன்றும் வருசநாடு. ஆண்டிபட்டியினின்றும் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாகச் செல்லும் சாலை, மூலவைகையின் கரையைப் பற்றிக்கொண்டே மலையடிவாரம் வந்து சேரும். மூன்று பக்கமும் மலை; இடையில் தென்னையும் இலவமரமும். மேற்கே மேகமலைத் தொடர் நிற்கின்றது. அதன் மறுபுறத்திலேதான் கம்பம் பள்ளத்தாக்கு. பறவைக்கு அணிமையாயுள்ள அவ்வூர்களுக்கு நாங்கள் செல்ல வேண்டுமாயின், ஆண்டிபட்டி வந்து தேனியைச் சுற்றிக்கொண்டே செல்லுதல் வேண்டும். இத்தகைய மூலையூருக்கு ஒரு புதிய பாட்டு வந்து சேர்வதென்பது ஒரு விருந்தாளி வந்து சேர்வதைப் போன்றது.

அவ்விருந்தாளி முதன்முதல் வந்தது கூம்பு ஒலிபெருக்கியின் வாயிலாக என்று எம்மூர் முதியோர் கூறுவர். திருமணமோ, காதணி விழாவோ, கோயிற்கொடையோ நிகழுமாயின், சவுண்டு செட்டுக்காரர் தம் இசைத்தட்டுப் பெட்டியுடன் வண்டியில் வந்திறங்குவார். ஊரில் உயர்ந்த மரம் எதுவோ அதன் உச்சியில் கூம்பு கட்டப்படும். பழைய தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடத்திற்குரிய பாட்டே அதில் அடங்கும். மேடையில் நெடுநேரம் விரித்துப் பாடிய கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இசைத்தட்டுக்காகத் தம் பாட்டை அந்த மூன்று நிமிடச் சிமிழுக்குள் அடைக்க வேண்டியவராயினர். எந்தத் தட்டை எப்பொழுது வைப்பது என்பது செட்டுக்காரரின் விருப்பமே. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஊரார், அழைப்பில்லாத திருமணத்தின் பாட்டுகளைத் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்டு மகிழ்வர். ஒருவர் இரசனை மூன்று ஊர்களுக்குச் செவியமுதாக அமைந்த காலம் அது. செவிக்குத் துன்பமாக அமைந்த நாட்களும் உண்டென்பதை மறைத்தல் முறையன்று.

பின்னர் வானொலி வந்தது. சென்னையில் 1938ஆம் ஆண்டிலும் திருச்சிராப்பள்ளியில் 1939ஆம் ஆண்டிலும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. ஆயினும் எம் நாட்டார் நெஞ்சில் இடம்பெற்றது இலங்கை வானொலியே. இதற்குக் காரணங்கள் இரண்டு. 1952ஆம் ஆண்டில் நடுவணரசின் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், திரைப்பாட்டுகளை இழிவாகக் கருதி அகில இந்திய வானொலியில் அவற்றிற்கு இடங்குறைத்தார். 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி தொடங்கும் வரையில் அக்குறை நீங்கவில்லை. 1950ஆம் ஆண்டில் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த கொழும்பு நிலையமோ அவ்விடத்தைத் தானே நிரப்பிற்று. மற்றொரு காரணம் அலைகளின் இயல்பைப் பற்றியது. அதனைச் சற்று விளக்குதல் நன்று.

இக்காலத்துப் பண்பலை வானொலியின் அலை ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுள்ளது. ஒளியைப் போல நேர்கோட்டிலே செல்வது. இடையில் மலை நிற்குமாயின் அதன் பின்புறம் நிழல் விழுவதுபோல ஒலியற்ற இடம் உண்டாகும். கொடைக்கானல் மலைமேல் பண்பலை நிலையம் அமைத்ததன் நோக்கமும் இதுவே. உயரத்தில் வைத்த விளக்கு நெடுந்தொலைவு ஒளி வீசுமன்றோ? சிற்றலையோ 25, 31, 41 மீட்டர் என நீண்டது. அது மேல்நோக்கிச் சென்று, வானின் உயர்ந்த பகுதியில் ஞாயிற்றின் கதிர்களால் மின்னூட்டம் பெற்று நிற்கும் அயனி மண்டலத்தில் மோதித் திரும்பிக் கீழே இறங்கும். ஆகவே, ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கொழும்பின் பாட்டு, மலைகளைத் துளைத்து வாராமல் வானிலிருந்து மழைபோல் எம் பள்ளத்தாக்கினுள் இறங்கிற்று. அலை இறங்கும்போது சிற்சில வேளைகளில் ஒலி தேய்ந்து, மீண்டும் வளர்ந்து வரும். தேநீர்க்கடையில் கூடியிருந்தோர் ஒலி தேயுந்தோறும் பெட்டியை நோக்கித் தலையைச் சாய்ப்பதையும், வளருந்தோறும் நிமிர்வதையும் காணும் எவரும் அவர்களைத் தொழுகையில் உள்ளார் என்றே எண்ணியிருப்பர்.

அந்நிலையத்து அறிவிப்பாளர்களாகிய மயில்வாகனன், கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் முதலியோர் எம்மூர்ச் சிறுவர்க்கு உறவினர் போன்றவர். பாட்டின் முன்னரோ பின்னரோ படத்தின் பெயர், இசையமைத்தவர், எழுதிய கவிஞர், பாடினோர் ஆகிய நான்கையும் அவர்கள் தெளிவாகச் சொல்லும் வழக்கத்தை யான் ஒரு பள்ளிக்கூடம் என்பேன். பலர் இவற்றைக் கோடிட்ட நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தனர். படிப்பறிவு குறைந்த ஒரு மாட்டுவண்டிக்காரர், ஒரு பாட்டின் முதல் வாத்திய ஒலி எழுந்த அளவிலே இசையமைப்பாளர் இன்னார் என்று கூறி நாலணா பந்தயம் வென்றதாக எந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். நேயர் விருப்பத்திற்கு அஞ்சல் எழுதியோரும் உளர். கடல் கடந்து சென்ற தம் எழுத்து, கடல் கடந்தே திரும்பி வந்து, தம் பெயரையும் தம்மூர்ப் பெயரையும் உரைத்து, பின்னர்ப் பாட்டாகவும் ஒலிக்கும் என்று அவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தனர். விரும்பிய பாட்டு அவர்களிடம் முன்னரே மனப்பாடம். அதனைக் கேட்கவேண்டிய தேவை அவர்களுக்கில்லை. பிறர் கேட்க வேண்டும் என்பதே விருப்பம்.

மூன்றாவதாக வந்தது ஒலிநாடா. பிலிப்ஸ் நிறுவனத்தார் கையடக்கமான காசெட்டை 1963ஆம் ஆண்டில் வெளியிட்டனர்; எம் பக்கத்துச் சிற்றூர்களில் அது பெருகியது எண்பதுகளில். அதுகாறும் பிறர் கொடுத்ததைக் கேட்டவர்கள், தாமே தேர்ந்து கொடுக்கும் உரிமையை அப்பொழுதுதான் பெற்றனர். ஊர்தோறும் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகள் தோன்றின. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், சில நாட்களிற் பதிந்து தருவர். 60 நிமிட நாடாவிற்கு ஒரு பக்கம் 30 நிமிடம். ஒரு பாட்டு நாலரை நிமிடமாயின் ஆறு பாட்டுக்கு 27 நிமிடம், மிஞ்சுவது 3. அந்த மூன்று நிமிடத்தை வெறுமையாக விடுவதா, பாட்டொன்றைப் பாதியில் அறுப்பதா என்பது அக்காலத்து இளைஞரைப் பெரிதும் வாட்டிய வினா. எந்தப் பாட்டின் பின் எந்தப் பாட்டு வருதல் வேண்டும் என்பதோ அதனினும் பெரிய வினா. துயரப் பாட்டு இரண்டை அடுத்தடுத்து எழுதியிருந்த என் சிற்றப்பாவின் தாளைப் பார்த்த கடைக்காரர் ஒருவர், "நடுவில் ஒன்று மாற்றி வையுங்கள், தம்பி, கேட்பவருக்கு மூச்சுவிட இடம் வேண்டாமா?" என்றாராம். இசைக்கல்லூரியிற் பயிலாத அவர் சொல்லிய இவ்வொரு சொல்லில் பெரியதோர் உண்மை அடங்கியுள்ளது.

எங்கள் வீட்டிலும் அத்தகைய நாடாக்கள் பல இருந்தன. அவற்றுள் ஒன்றன் இறுதியில் மிஞ்சிய மூன்று நிமிடத்தில், எந்தையார் எங்கள் அப்பத்தா பாடிய தாலாட்டைப் பதிந்து வைத்திருந்தார். மலைச்சுனைகள், ஓடைகள், ஊர்கள் ஆகியவற்றின் பெயர்களை நிரல்பட அடுக்கிக்கொண்டு செல்லும் பாட்டு அது. இடையிடையே சேவல் கூவும் ஒலியும் கேட்கும். நாடாவின் பின்விளிம்பில் சிறு நெகிழித் தகடு ஒன்று உண்டு. அதனை ஒடித்துவிட்டால் பெட்டியின் சிவப்புப் பொத்தான் கீழே அழுந்தாது. ஆகவே, மேலே வேறொன்றைப் பதிய இயலாது. எந்தையார் அதனை ஒடித்தே வைத்திருந்தார். ஆயின், ஒடித்த குழியில் தாளைச் சுருட்டித் திணித்தால் பொத்தான் அழுந்தும் என்பது ஐந்தாம் வகுப்பிற் படித்த எனக்குத் தெரியும். வகுப்புத் தோழன் ஒருவனுக்கு வானொலியில் வந்த ஒரு புதிய பாட்டைப் பதிந்து கொடுப்பதாக வாக்களித்திருந்தேன். கைக்கு அகப்பட்ட நாடா அதுவே. நாடா, பதியும் முனையை அடையும் முன்னர் அழிக்கும் முனையைத் தொட்டுச் செல்கின்றது. ஆங்கே பழைய காந்தப் பதிவு கலைந்துபோம். மூன்று நிமிடத்தில் அப்பத்தாவின் குரல் முற்றும் அழிந்தது. அவர் காலமாகி அப்பொழுது ஓராண்டு ஆகியிருந்தது. எந்தையார் என்னை அடிக்கவில்லை. ஒரு சொல்லும் சொல்லவுமில்லை. அடித்திருக்கலாம் என்று இன்றும் எண்ணுகிறேன். தோழனோ அப்பாட்டை இரண்டு முறை கேட்டுவிட்டு, தலைப்பகுதி அறுந்திருக்கிறது என்று குறை கூறினான்.

இது நிற்க. பாட்டைப் பகிர்தற்கும் ஒரு முறை உண்டென்பதை நம் கல்லூரி விடுதியில் யான் மாணவரோடு கழித்த மாலைப்பொழுதுகளில் அறிந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் பத்துப் பன்னிருவர் கூடுவோம். ஒவ்வொருவரும் தாம் அவ்வாரத்திற் கண்டெடுத்த ஒரு பாட்டைக் கேட்பிக்கலாம். ஒன்றுக்கு மேல் இல்லை. முதலாண்டில் ஓர் அன்பர் 50 பாட்டுகளின் பட்டியலை எல்லார்க்கும் அனுப்பினார். ஒருவரும் ஒன்றையும் கேட்கவில்லை. ஆதலின் இவ்வரம்பு. "மிகவும் நன்றாயிருக்கிறது" என்பது மட்டும் போதாது. எவ்விடத்தைக் கூர்ந்து கேட்க வேண்டும் என்பதைச் சொல்லுதல் வேண்டும். பாட்டு நடக்கும்போது கொண்டுவந்தவர் வாய் திறத்தல் ஆகாது. இவற்றுள் கடைசி விதியைக் காப்பதே அனைவர்க்கும் கடினமாயிற்று.

எவ்விடத்தைக் கேட்பது என்பதற்குச் சான்றாக, மேகமலைக்கு அப்பாலுள்ள பண்ணைப்புரத்தில் 1943ஆம் ஆண்டிற் பிறந்த இளையராஜாவின் இசையினின்று சில காட்டுவேன். அவருடைய தமையனார் பாவலர் வரதராஜன் ஊரூராகச் சென்று மேடைகளிற் பாடியவர். 1958ஆம் ஆண்டில் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடியவர். அக்குழுவிற் சேர்ந்து ஊர்களைச் சுற்றிய தம்பியார் 1968ஆம் ஆண்டில் சென்னை சென்று, 1976ஆம் ஆண்டில் 'அன்னக்கிளி' என்னும் படத்தின் மூலம் நாடறிந்தவரானார். அப்படத்தின் பாட்டுகள் வந்தபோது எம்மூர்ப் பெண்டிர், "இது நம் வயற்காட்டுப் பாட்டல்லவா?" என்று வியந்தனராம். தமக்குரியது தமக்கே விருந்தாக மீண்டு வந்த வியப்பு அது.

1977ஆம் ஆண்டில் வந்த 'கவிக்குயில்' என்னும் படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய பாட்டு ரீதிகௌளை இராகத்தில் அமைந்தது. இராகத்தின் பெயரையே அறியாத மாணவர் ஒருவர் அதனைக் கொணர்ந்து, "இப்பாட்டில் எதுவும் அவசரப்படவில்லை" என்று கூறினார். அவ்வொரு சொல், பல நாள் சங்கீத இலக்கணம் பேசியவர்களின் செவியையும் திறந்தது. 1985ஆம் ஆண்டின் 'சிந்து பைரவி'யில் சித்ரா பாடித் தேசிய விருது பெற்ற பாட்டு, நாட்டுப்பாடலாகத் தொடங்கித் தியாகையரின் கீர்த்தனையொன்றிற் சென்று முடிவது. அக்கீர்த்தனை வழக்கமாகக் காம்போதியிற் பாடப்படுவது. ஈண்டு சாரமதியில் அமைந்துள்ளது. நாட்டுப்பாட்டு எவ்விடத்தில் முடிந்தது, கீர்த்தனை எவ்விடத்தில் தொடங்கியது என்று கண்டுபிடிக்க முயலுங்கள் என்று சொல்லியே யான் அதனைப் பிறர்க்குக் கொடுப்பது. வரப்பில்லாத வயல் போன்ற இடம் அது. 1986ஆம் ஆண்டின் 'ஹௌ டு நேம் இட்' என்னும் தொகுப்போ தியாகையர்க்கும், ஜெர்மானியராகிய பாக்குக்கும் உரிமையாக்கப்பட்டது. அதில் ஓரிடத்தில் பாக்கின் வயலின் உருப்படியொன்று ஓடிக்கொண்டிருக்க, நம் நாட்டு வயலின் கமகங்களோடு அதனுடன் உரையாடும். இருவர் தத்தம் மொழியிற் பேசியும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளுதல் போன்றது அது. 2025 மார்ச் 8ஆம் நாள் அவரது சிம்பொனி லண்டனில் அரங்கேறியதாகிய செய்தி வந்த வாரத்தில், விடுதியில் எவரும் வேறு பாட்டுக் கொண்டுவரத் துணியவில்லை.

இசையைப் பலர் கூடிப் பகிர்ந்தாராயும் வழக்கம் நமக்குப் புதிதுமன்று. தஞ்சையில் 1912ஆம் ஆண்டு முதல் தம் செலவில் சங்கீத மாநாடுகளைக் கூட்டி, 1917ஆம் ஆண்டில் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் வித்துவான்களை ஒருங்கே இருத்திப் பாடவும் வாதிடவும் செய்தார். அவர் இளமையில் மூலிகையறிவு பெற்றது கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிமலையில் வாழ்ந்த கருணானந்தர் என்னும் முனிவரிடத்தில் என்று அவர் வரலாறு கூறும். அம்முனிவர் பெயரே நூலின் பெயரிலும் நின்றது. எம் மலைக்கு இதில் ஒரு சிறு பெருமை உண்டென்று யான் சொல்லிக்கொள்வதைப் பிறவூர் நண்பர்கள் பொறுத்தருள்க.

இக்காலத்தில் கைப்பேசியே பாட்டைத் தேர்ந்து தருகின்றது. அது செய்வது யாதெனின், இப்பாட்டைக் கேட்டோருட் பலர் அப்பாட்டையும் கேட்டனர் என்று எண்ணற்றோர் பழக்கங்களைக் கணக்கிட்டு, அதற்கேற்ப அடுத்ததை நம் முன் வைத்தலே. இதனை யான் இகழேன். கிட்டப்பாவின் பழைய தட்டொன்றை நள்ளிரவில் எனக்குக் கொணர்ந்து காட்டியது அக்கணக்கே. மனிதர் எவரும் அதனைக் காட்டவில்லை. ஆயினும் அது, எவ்விடத்தைக் கேள் என்று சொல்லாது. தான் அதனை எங்கே, யாரோடிருந்து, எந்தத் துயரத்திற் கேட்டது என்றும் சொல்லாது. அன்றியும், எவரேனும் முன்னர்ப் பதிந்து வைத்த பாட்டையே அது தரவல்லது. ஒரு முறையும் பதியப்படாத பாட்டும், பதிந்து அழிந்த பாட்டும் அதன் கணக்கில் இல்லை. வருசநாட்டுப் பெண்டிர் பாடிய பாட்டுகளுட் பெரும்பாலன அத்தகையன.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் அத்தையிடம் அப்பத்தாவின் தாலாட்டைப் பாடுமாறு வேண்டினேன். அவர் நகைத்தார், பல நாள் மறுத்தார். ஒரு மாலையில் இலவங்காய் உடைத்துக்கொண்டிருக்கையில் தாமாகவே தொடங்கினார். மூன்றாவது ஊர்ப்பெயர் வந்தவுடன் பாட்டு நின்றது. "அடுத்த அடி வாய்க்கு வரமாட்டேங்குதுப்பா" என்றார். யான் அவசரப்பட்டு, "ஓடை வருமே, அத்தை" என்று குறுக்கிட்டேன். இருந்த நினைவும் அவருக்குக் கலைந்துபோயிற்று.

பதிந்த அளவை எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தார்க்கு அனுப்பினேன். பத்து நாட்களின் பின்னர், கம்பத்துப் பக்கத்து மாணவர் ஒருவர் தம் அன்னையார் பாடிய பாட்டொன்றை அனுப்பி வைத்தார். மெட்டு அதுவே, ஊர்ப்பெயர்கள் வேறு. எங்கள் ஓடைகள் இருந்த இடத்தில் சுருளி இருந்தது. மீண்டும் ஊர் சென்றபோது அதனை அத்தைக்குக் கேட்பித்தேன். இரண்டு முறை கேட்டார். "இழுப்பு சரி, சொல்லு வேற" என்றார். சிறிது நேரம் கழித்து, கையிலிருந்த காயை முறத்தில் வைத்துவிட்டு, தொடக்கத்திலிருந்து பாடலானார். மூன்றாவது ஊரைக் கடந்தார், நான்காவதையும் கடந்தார். எங்கோ ஒரு சேவல் கூவிற்று. இம்முறை யான் வாய் திறக்கவில்லை.